கேஸ்ட்ரிக் என்கிற ஒற்றைச் சொல்

என் பாட்டியிடம் வயிற்றைப் பற்றிப் பேச நிறைய சொற்கள் இருந்தன. சாப்பிட்டது புளித்த தண்ணியாகத் தொண்டை வரை ஏறி வந்தால் ‘எதுக்களிக்குது’ என்பார். நடுநெஞ்சில் எரிந்தால் ‘நெஞ்சு கரிக்குது’. வெறும் வயிற்றில் தொப்புளுக்கு மேலே கவ்விப் பிடித்தால் ‘வயித்துப் புண்ணு’. காற்று சேர்ந்து உப்பினால் ‘பொருமலா இருக்கு’. அம்மா இத்தனைக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கிறார்: கேஸ்ட்ரிக்.

உம்பாயில் மட்டும் இல்லை. மெர்லிமாவ், ஜாசின், ஆயர் குரோ என்று மலாக்காவில் எந்தத் தமிழ் வீட்டில் கேட்டாலும் யாராவது ஒருவருக்கு ‘கேஸ்ட்ரிக்’ இருக்கும். மலாய்க்காரர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள், சீனர்களும் சொல்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், ஆங்கிலத்தில் அது ஒரு நோயின் பெயரே இல்லை. ‘வயிறு சார்ந்த’ என்பதுதான் அதன் பொருள். ‘எனக்கு கேஸ்ட்ரிக்’ என்றால் ‘எனக்கு வயிறு சார்ந்த...’ என்று பாதியில் நிறுத்திவிட்டு எழுந்து போவது மாதிரி. அந்த மீதிப் பாதியில் என்னென்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்க மருத்துவத்துக்கு நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது. அந்த நூறு ஆண்டுகளில் நம் ஆட்கள், நம் ஊர்கள், நம் சாப்பாடு எல்லாம் திரும்பத் திரும்ப வருகின்றன. பெரும்பாலும் குற்றவாளிக் கூண்டில்.

சித்த மருத்துவம் இந்த விஷயத்தில் கஞ்சத்தனம் காட்டவில்லை. குன்மம் என்ற தலைப்பின் கீழ் எட்டு வகையைச் சொல்கிறது. எரி குன்மம், வலி குன்மம், வாயு குன்மம், சத்தி குன்மம் என்று போகும் அந்தப் பட்டியல். இன்றைய மருத்துவம் பிரிக்கும் இடத்தில் அது பிரிக்கவில்லை என்பது உண்மை. ஆனால் எரிவதும் வலிப்பதும் வாந்தியாக வருவதும் ஒன்றல்ல என்று அதற்குத் தெரிந்திருந்தது.

நம் கொள்ளுத்தாத்தாக்கள் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி மலாயாவுக்கு வந்துகொண்டிருந்த காலத்தில், கப்பல் ஏறாமல் ஊரிலேயே தங்கிவிட்டவர்களின் வயிற்றை ஒருவர் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஹோவர்ட் சோமர்வெல். ஆங்கிலேய அறுவை மருத்துவர், எவரெஸ்ட் ஏறப் போனவர். 1922ஆம் ஆண்டு மலைப்பயணம் முடிந்ததும் இந்தியாவைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பியவர், தெற்குத் திருவாங்கூரில் நெய்யூர் என்ற ஊரின் மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போனார். இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் அது. ஒரே ஒரு அறுவை மருத்துவர், வாசலில் முடியாத கூட்டம். லண்டனில் காத்திருந்த எதிர்காலத்தை விட்டுவிட்டு நெய்யூருக்கே வந்துவிட்டார். 1924இல் மறுபடி எவரெஸ்ட் போனபோது, ஆக்சிஜன் இல்லாமல் ஏறக்குறைய 8,500 மீட்டர் வரை ஏறி, இறங்கும் வழியில் தொண்டை அடைத்துச் சாகக் கிடந்தார். பனியில் உறைந்து உரிந்த தொண்டைச் சவ்வு மூச்சுக்குழாயை அடைத்துவிட்டது. மார்பை இரண்டு கையாலும் அழுத்தி அதை இருமித் துப்பிவிட்டு, இறங்கி வந்து, நெய்யூருக்குத் திரும்பி, இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தார். பிறகு வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி.

நெய்யூரில் அவரைத் தேடி வந்த கூட்டத்தில் ஏராளமானோருக்கு ஒரே பிரச்சினை: சிறுகுடலின் தொடக்கத்தில் புண். முற்றிப்போய் வழி அடைத்து, சாப்பிட்டது இறங்காமல், எலும்பும் தோலுமாக வந்தார்கள். வயிற்றைச் சிறுகுடலின் வேறு பகுதியோடு இணைத்துப் புதுவழி போட்டுவிடும் அறுவையை அவர் ஆயிரக்கணக்கில் செய்தார். ஐ. எம். ஓர் என்ற இன்னொரு மருத்துவரோடு சேர்ந்து 1936இல் பிரிட்டிஷ் அறுவை மருத்துவ இதழில் கட்டுரையும் எழுதினார். உலகத்தில் வயிற்றுப் புண் மிகுந்த இடங்களில் ஒன்றாகத் தென்னிந்தியா மருத்துவ நூல்களில் ஏறியது இப்படித்தான்.

ஏன் இவ்வளவு புண்? அந்தக் காலத்து மருத்துவர்கள் இரண்டு பேர் மேல் கை நீட்டினார்கள். ஒன்று மரவள்ளிக்கிழங்கு, இன்னொன்று மிளகாய். குன்னூரில் ஆராய்ச்சிக்கூடம் நடத்திய ராபர்ட் மெக்காரிசன், இந்தியாவின் வெவ்வேறு பகுதி மக்களின் உணவை எலிகளுக்குக் கொடுத்து வளர்த்தார். பஞ்சாப் உணவு தின்ற எலிகள் கொழுத்து ஆரோக்கியமாக இருந்தன. திருவாங்கூர் ஏழைகளின் மரவள்ளி உணவைத் தின்ற எலிகளுக்கு வயிற்றுப் புண் வந்தது. பிற்காலத்தில் மைசூரில் வேலை பார்த்த ஃபிராங்க் டோவி என்ற மருத்துவர், அரிசி தின்னும் தெற்கில் புண் அதிகம், கோதுமை தின்னும் வடக்கில் குறைவு என்று வரைபடமே போட்டார்.

மரவள்ளி என்றதும் மலாக்காக்காரனுக்குக் காது நீளும். 1896இல் டான் சே யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டார், இந்நாட்டின் முதல் வணிக ரப்பர் தோட்டம் என்று பள்ளிப் புத்தகத்தில் படித்திருக்கிறோம். அதற்கு முந்தைய மலாக்காவின் பணப்பயிர் எது என்று புத்தகம் அழுத்திச் சொல்வதில்லை. மரவள்ளிதான். டான் சே யானே மரவள்ளி போட்டுக்கொண்டிருந்தவர். பின்னர் 1942 முதல் 1945 வரை ஜப்பான்காரன் காலத்தில், பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வந்துகொண்டிருந்த அரிசி நின்றுபோக, தோட்டத்து ஜனங்கள் மூன்று வேளையும் மரவள்ளியில் உயிர் வாழ்ந்தார்கள். லயத்துக்குப் பின்னால், ரப்பர் நிரைகளுக்கு நடுவில், கிடைத்த மண்ணில் எல்லாம் குச்சியை ஊன்றினார்கள். அப்போது என் பாட்டி கைக்குழந்தை. அவருடைய அம்மாவோ கடைசிவரை மரவள்ளியை வாயில் வைக்கவில்லையாம். வயிற்றுக்கு ஆகாது என்பதால் இல்லை. அந்த மூன்று வருடத்தில் தின்றதே ஏழு பிறவிக்குப் போதும் என்பாராம்.

மிளகாய்க்கு வருவோம். ‘இந்தியர்கள் காரம் அதிகம் சாப்பிடுகிறார்கள், அதனால்தான்’ என்று கிளினிக்கில் மருந்து எடுத்துக் கொடுப்பவர் வரைக்கும் நமக்குப் பாடம் நடத்துவார்கள். முதலில் ஒன்று, மிளகாய் நம்முடையதே இல்லை. அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துக்கீசியர்கள் ஆசியாவுக்குக் கொண்டுவந்த சரக்கு. 1511இல் மலாக்காவைப் பிடித்த அதே போர்த்துக்கீசியர்கள்தான். மரவள்ளியும் அதே கண்டத்துச் சரக்கு. நம் முன்னோர் அதற்கு முன் மிளகில் காரம் பார்த்தவர்கள். உம்பாய் கடற்கரையில் சனிக்கிழமை இரவு ஈக்கான் பாக்கார் கடைகளைப் பாருங்கள். சம்பல் தடவிச் சுட்ட மீனையும் மலாக்காவின் பெருமையான அசாம் பெடாசையும் வியர்க்க வியர்க்கச் சாப்பிடுகிறவர்கள் எல்லா இனத்தாரும்தான். வயிறு கெட்டுப்போனால் மட்டும் காரம் நம் இனத்துக்குச் சொந்தமாகிவிடுகிறது.

இரண்டாவது, வயிற்றுப் புண் வழக்கில் மிளகாய்க்கு விடுதலையே கிடைத்துவிட்டது. 1988இல் அமெரிக்காவில் காரமான சாப்பாடு கொடுத்து, பிறகு வயிற்றுக்குள் கேமரா விட்டுப் பார்த்தார்கள். கண்ணுக்குத் தெரிகிற சேதம் ஒன்றும் இல்லை. 1995இல் நமக்குப் பக்கத்தில் சிங்கப்பூரில் ஒரு சோதனை. ஆரோக்கியமானவர்களுக்கு மிளகாயைக் கொடுத்துவிட்டுப் பிறகு ஆஸ்பிரின் கொடுத்தார்கள். வெறும் ஆஸ்பிரின் விழுங்கியபோது வயிற்றில் ஏற்பட்ட சேதத்தைவிட, மிளகாய்க்குப் பிறகு விழுங்கியபோது குறைவாக இருந்தது. எதுக்களிப்பு உள்ளவர்களுக்கு மிளகாய் எரியத்தான் செய்யும், அது வேறு. ஏற்கெனவே சிராய்த்த இடத்தில் உப்புப் பட்டால் எரிகிற கதை. உப்பா சிராய்த்தது?

சிங்கப்பூருக்கு இந்தக் கதையில் இன்னொரு இடம் இருக்கிறது. 1947இன் இறுதியில் ஜேம்ஸ் பிளாக் என்ற ஸ்காட்லாந்து இளைஞர் அங்கே கிங் எட்வர்ட் மருத்துவக் கல்லூரியில் விரிவுரையாளராக வந்து சேர்ந்தார். வந்ததற்குக் காரணம் கடன். மருத்துவம் படித்து முடித்ததும் தலைக்கு மேல் கடன், சிங்கப்பூரில் நல்ல சம்பளம். நம்மில் எத்தனை பேர் அதே காரணத்துக்காக இன்றும் ஜொகூர் பாலத்தைத் தாண்டுகிறோம்! அவர் இருந்தபோதே, 1949இல், அந்தக் கல்லூரி மலாயாப் பல்கலைக்கழகத்தின் பகுதியானது. அங்கேதான் அவர் ஆராய்ச்சியைத் தொடங்கினார். 1950இல் ஊர் திரும்பினார். பிறகு 1964 முதல் ஒரு மருந்து நிறுவனத்தில் உட்கார்ந்து, வயிற்றில் அமிலம் சுரக்கச் சொல்லும் ஹிஸ்டமின் என்ற பொருளின் கையைப் பிடித்து நிறுத்த முடியுமா என்று தேடினார். முதலில் கிடைத்த மருந்து வாய்வழியாகக் கொடுத்தால் போதிய பலன் தரவில்லை. அடுத்தது சில நோயாளிகளின் வெள்ளை அணுக்களைக் குறைத்துவிட்டது. மூன்றாவது 1976இல் பிரிட்டனில் விற்பனைக்கு வந்தது. சிமெட்டிடின். சோமர்வெல் கத்தியால் செய்ததை அதன்பிறகு பலருக்கு ஒரு மாத்திரை செய்தது. 1988இல் பிளாக்குக்கு நோபல் பரிசு. அதே ஆண்டு அதைவிட வலுவான ஒமிப்ரசோல் ஐரோப்பாவில் விற்பனைக்கு வந்தது. அமிலம் சுரக்கும் பம்பையே நிறுத்தும் மருந்து. இன்று நம் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் மேல் கிடக்கும் அட்டை பெரும்பாலும் அந்தக் குடும்பத்து மாத்திரைதான்.

ஆனால் புண்ணை யார் போட்டது என்ற கேள்வி அப்போதும் தீரவில்லை. 1984இல் ஆஸ்திரேலியாவில் பேரி மார்ஷல் ஒரு கிருமி வளர்த்த திரவத்தைத் தானே குடித்து, வயிற்றழற்சியை வரவழைத்துக்கொண்டார். ஹெலிகோபாக்டர் பைலோரி. வயிற்றுப் புண்ணில் பெரும்பகுதிக்கு அந்தக் கிருமி காரணம், ஆஸ்பிரின் போன்ற வலி மாத்திரைகள் இன்னொரு காரணம் என்று தெளிவானது. மார்ஷலுக்கும் அவரோடு வேலை செய்த ராபின் வாரனுக்கும் 2005இல் நோபல். மரவள்ளியும் மிளகாயும் அரைநூற்றாண்டு சுமந்த பழி ஒரே மடக்கில் இறங்கியது என்று எழுத ஆசைதான். சத்தில்லாத சாப்பாட்டுக்குப் பங்கே இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாததால் விட்டுவிடுகிறேன்.

எனக்கு மிகப் பிடித்த பகுதி இதற்கு அடுத்து வருகிறது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் மருத்துவர் கோ கியான் லீயும் நுண்ணுயிரியலாளர் பராசக்தியும் இந்த நாட்டில் யார் வயிற்றில் அந்தக் கிருமி இருக்கிறது என்று பார்த்தார்கள். வயிற்றுக் கோளாறு என்று வந்த இந்தியர்களில் ஏறக்குறைய பத்துக்கு ஆறு பேரிடம் இருந்தது. சீனர்களில் கிட்டத்தட்ட பாதி. மலாய்க்காரர்களிடம் மிகக் குறைவு. கிளந்தான் மலாய்க்காரர்களிடம் உலகிலேயே மிகக் குறைந்த அளவுகளில் ஒன்று. ஒரே நாடு, ஒரே தண்ணீர், ஒரே மாமாக் கடை. எப்படி? 2001இல் அவர்கள் முன்வைத்த விளக்கம் எளிமையானது: கிருமி குடும்பத்துக்குள், சிறுவயதில், தாயிடமிருந்து பிள்ளைக்கு ஒட்டுவது. சீனாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் வந்தவர்கள் அதையும் கொண்டுவந்தார்கள், அவரவர் வீட்டுக்குள்ளேயே அது சுற்றிக்கொண்டிருக்கிறது. பின்னர் 2009இல் வெளியான மரபணு ஆய்வு ஒன்று, மலேசிய மலாய்க்காரர்களிடம் உள்ள கிருமி பெரும்பாலும் இந்திய வகையோடு ஒத்துப்போகிறது என்றும் அண்மைக் காலத்தில்தான் அவர்களுக்கு வந்திருக்க வேண்டும் என்றும் சொன்னது. கப்பல் பட்டியலில் ஏறாத ஒரு பயணி. எத்தனையோ குடும்பங்களுக்குச் சொந்த ஊர்ப் பெயர் மறந்துவிட்டது. வயிற்றுக்குள் இருந்த பூச்சி தன் வம்சாவளியைப் பத்திரமாக வைத்திருக்கிறது.

இதில் ஒரு புதிரும் உண்டு. கிருமி அதிகம் இருப்பது நம்மிடம். வயிற்றுப் புற்றுநோய் அதிகம் சீனர்களிடம். கிருமியின் வகை, மரபு, உணவு என்று பல காரணம் பேசுகிறார்கள். வழக்கு இன்னும் முடியவில்லை.

இதுவரை பேசியதெல்லாம் புண்ணைப் பற்றி. பாட்டியின் ‘எதுக்களிப்பு’ தனிக் கதை. புண்ணுக்கும் எதுக்களிப்புக்கும் அமிலம் பொது, இடம் வேறு. வயிற்றுக்குத் தன் அமிலத்தைத் தாங்கும் சளிப்படலம் இருக்கிறது. உணவுக்குழாய்க்கு அது இல்லை. 1935இல்தான் நியூயார்க்கில் ஆஷர் விங்கல்ஸ்டீன் என்ற மருத்துவர் உணவுக்குழாய் அழற்சிக்கு மேலேறி வரும் வயிற்று அமிலம் காரணமாக இருக்கலாம் என்று எழுதினார். நாம் ‘எதுக்களிக்குது’ என்று எப்போதிலிருந்து சொல்லிவருகிறோமோ!

நான் பொறியாளன் என்பதால் எனக்கு இது குழாய்ச் சமாச்சாரமாகத்தான் புரிகிறது. உணவுக்குழாய் வயிற்றைத் தொடும் இடத்தில் ஒருவழி வால்வு இருக்கிறது. தகடு வைத்த வால்வு இல்லை. தசை தானே இறுகிப் பிடித்திருக்கும், சுற்றிலும் உதரவிதானம் கைகொடுக்கும். சாப்பிட்டு வயிறு விரிந்ததும் காற்றை வெளியேற்ற அந்தத் தசை அவ்வப்போது சில நொடி தளரும். ஏப்பம் அப்படித்தான் வருகிறது. அந்த நேரத்தில் காற்றோடு அமிலமும் ஏறினால் எதுக்களிப்பு. நின்றுகொண்டிருந்தால் புவியீர்ப்பு அமிலத்தைத் திருப்பி இறக்கிவிடும். படுத்திருந்தால் அது அங்கேயே தேங்கும். தொப்பை கூடினால் கீழிருந்து அழுத்தம் கூடும், வால்வு தோற்கும். ஆக, அமிலம் கூடுவதால் வருகிற நோய் என்பதைவிட, அமிலம் தப்பான இடத்துக்குப் போவதால் வருகிற நோய் என்பதே சரி.

மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையின் இருபதாண்டுக் கணக்கைப் பாருங்கள். 1989-90இல் உள்நோக்கிப் பரிசோதனைக்கு வந்தவர்களில் பாதிப் பேரிடம் கிருமி இருந்தது. 2009-10இல் பத்தில் ஒருவரிடம். சிறுகுடல் புண் ஐந்தில் ஒருவர் என்பதிலிருந்து இருபதில் ஒருவராகக் குறைந்தது. அதே காலத்தில், அமிலம் ஏறி உணவுக்குழாய் அரித்தவர்கள் நூற்றுக்கு 2 என்பதிலிருந்து 10ஐ நெருங்கிவிட்டார்கள். பாட்டி காலத்து நோய் இறங்க, நம் காலத்து நோய் ஏறுகிறது. நாம் இரண்டையும் கேஸ்ட்ரிக் என்றே சொல்வதால் இந்த மாற்றமே நம் கண்ணுக்குத் தெரியவில்லை.

2004இல் அதே மருத்துவமனையிலிருந்து ஆயிரம் பேரைப் பரிசோதித்து ஒரு கட்டுரை வந்தது. எதுக்களிப்பு நோய்க்கான ஆபத்துக் காரணிகளில் ‘இந்திய இனம்’ என்று ஒரு வரி இருக்கிறது. முதல்முறை படித்தபோது எரிச்சலாக இருந்தது. இனம் எப்படி நெஞ்சைக் கரிக்கும்? பிறகு யோசித்தால், ஆராய்ச்சியாளர்கள் கணக்கில் வந்ததை எழுதியிருக்கிறார்கள், அவ்வளவுதான். அந்தச் சொல்லுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டியது நாம். 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 50.1 விழுக்காட்டினர் அதிக எடையோ பருமனோ உள்ளவர்கள். இந்தியர்களிடம் அது இன்னும் கூடுதல். அதோடு நேரத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். தோட்டத்தில் விடியுமுன் பெரட்டு, ஒரு டம்ளர் கறுப்புக் காப்பியோடு பால்வெட்டப் போய், வெயில் ஏறிய பிறகுதான் பசியாறல். இரவு ஏழரைக்கெல்லாம் சாப்பாடு முடிந்து லயம் அடங்கிவிடும். அந்த வாழ்க்கை வயிற்றை வெறுமையாக வைத்தது. தோட்டம் துண்டானது, ரப்பர் போய் செம்பனை வந்தது, தமிழர்கள் தாமானுக்கு வந்து தொழிற்சாலை ஷிப்டில் ஏறினார்கள். இப்போதைய வாழ்க்கை இரவு பதினொன்றுக்கு வயிற்றை நிரப்பிவிட்டுப் படுக்க வைக்கிறது. இனம் என்ற அந்த வரியில் பாதியாவது வேலை நேரமாக இருக்கும் என்பது என் ஊகம். நிரூபணம் என்னிடம் இல்லை.

இதைச் சொல்லறிவுப் பிரச்சினை என்று ஒதுக்க முடியாததற்கு ஒரு காரணம் என் பெரியப்பா. செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டியவர். ஐம்பத்து மூன்று வயது. ‘மூணு நாளா கேஸ்ட்ரிக் படுத்துதுடா’ என்று சொல்லிக்கொண்டே ஈனோ கலக்கிக் குடித்தார். படியேறினால் நெஞ்சு அழுத்துவதையும் இடது தோள் கனப்பதையும் அந்த ஒரே சொல்லுக்குள் போட்டு மூடிவிட்டார். பெரியம்மாவும் மூடினார், கேட்ட நாங்களும் தலையாட்டினோம். நான்காம் நாள் காலை லாரியில் ஏறுமுன் விழுந்தார். மாரடைப்பு. இதயத்துக்கும் உணவுக்குழாய்க்கும் வலியைக் கொண்டுபோகும் நரம்புவழிகள் ஒன்றோடொன்று கலப்பதால் மருத்துவர்களே பரிசோதிக்காமல் பிரித்துச் சொல்லத் தயங்குவார்கள். நடந்தால் கூடி உட்கார்ந்தால் குறையும் நெஞ்சழுத்தம், கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, வியர்வை, மூச்சு வாங்கல் — இவற்றுக்கு ஈனோ மருந்தில்லை, ஆம்புலன்ஸ்தான். அதேபோல விழுங்கச் சிரமம், காரணமில்லாமல் எடை குறைவது, தார் மாதிரி கறுத்த மலம், ரத்த வாந்தி இவையும் கேஸ்ட்ரிக் இல்லை. உள்ளே பார்த்தே ஆக வேண்டியவை.

மற்றபடி சாதாரண எதுக்களிப்புக்குச் செய்ய வேண்டியவை பெரிய ரகசியம் இல்லை. படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன் சாப்பாட்டை முடிப்பது, எடையைக் குறைப்பது, சிகரெட்டை விடுவது. கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் கட்டை வைத்து அரையடி உயர்த்துவது. தலையணையை அடுக்கினால் உதவாது, உடம்பு இடுப்பில் மடங்கி வயிறுதான் அழுந்தும். இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் வயிற்றின் பை வால்வுக்குக் கீழே தொங்கும், அமிலம் ஏறக் குறைந்த வழி. ஒமிப்ரசோல் வகை மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரைமணி முன் போட வேண்டும். சாப்பாடுதான் அந்தப் பம்புகளைக் கிளப்புகிறது, கிளம்பும் நேரத்தில் மருந்து ரத்தத்தில் இருந்தால்தான் பிடிக்கும். எரிந்த பிறகு போட்டுவிட்டு ‘வேலை செய்யல’ என்பவர்கள் நிறைய. மாதக்கணக்கில் போட்டுவிட்டுத் திடீரென்று நிறுத்தினால் சில வாரம் அமிலம் முன்பைவிடக் கூடுதலாகச் சுரக்கும். அதை நோய் திரும்பிவிட்டது என்று நினைத்து மறுபடி அட்டையைப் பிரிப்பார்கள். நிறுத்துவதும் மருத்துவரோடு பேசிச் செய்ய வேண்டிய காரியம். எலுமிச்சை, தக்காளி, காப்பி, காரம் எல்லாருக்கும் ஆகாது என்று பொதுவாகத் தடை போடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. எது ஏறுகிறதோ அதை அவரவர் விட்டால் போதும்.

அம்மாவின் கட்டிலுக்குப் போன மாதம் கட்டை வைத்தேன். முதல் இரண்டு நாள் ‘சறுக்கிக்கிட்டே போறேன்டா’ என்று திட்டினார். அசாம் பெடாஸ் நிற்கவில்லை, மதியச் சாப்பாட்டுக்கு மாறியிருக்கிறது. போன வாரம் கிளினிக்கில் டாக்டர் என்ன செய்கிறது என்று கேட்டபோது, வழக்கமான சொல்லை ஆரம்பித்தவர் நிறுத்தி, ராத்திரி படுத்தால் புளித்தண்ணி தொண்டைக்கு வருகிறது, நெஞ்சு கரிக்கிறது, நடந்தால் ஒன்றும் செய்வதில்லை என்று மலாயில் விளக்கினார். டாக்டர் எழுதிக்கொண்டே போனார். எதுக்களிப்புக்கு மட்டும் அம்மாவுக்கு மலாய்ச் சொல் கிடைக்கவில்லை. கையைத் தொப்புளிலிருந்து தொண்டை வரை இழுத்துக் காட்டினார்.